வீங்கிய வேர்நுனி, ஏறி இறங்கிய எண்ணிக்கை: களைக்கொல்லி செல் பகுப்பை எங்கே நிறுத்துகிறது?

கல்லூரித் திட்டத்துக்காகச் சின்ன வெங்காய வேரைப் பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி கலந்த நீரில் வைத்திருக்கிறீர்கள். நான்கு மணி நேரத்தில் எடுத்த வேரில், பகுப்பில் இருக்கும் செல்கள் வெறும் நீரில் வைத்ததைப் போல இரண்டு மடங்கு. 24 மணி நேரம் கழித்து எடுத்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது. நுனி குண்டாந்தடி போல வீங்கியிருக்கிறது. "அப்படியானால் இந்த மருந்து செல் பகுப்பைத் தூண்டுகிறதா, தடுக்கிறதா? எங்கள் தோட்டத்திலும் இதையேதான் அடிக்கிறோம். அந்த வெங்காயத்தைச் சாப்பிட்டால் நம் உடம்பிலும் இப்படித்தான் நடக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் எண்ணிக்கையில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. எண்ணியது எதைக் காட்டுகிறது என்பதில்தான் குழப்பம். பகுப்பில் தெரியும் செல்களின் எண்ணிக்கை வேறு, செல்கள் பகுந்து முடிக்கும் வேகம் வேறு. மருந்து தூண்டவே இல்லை, முதல் மணியிலிருந்தே தடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்த்த ஏற்றமும் அந்தத் தடையின் அடையாளம்தான்.

வேர்மூடிக்கு உடனே பின்னால் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்குத்தான் ஆக்குத்திசு, அதாவது செல்கள் பகுந்துகொண்டே இருக்கும் திசு, இருக்கிறது. வெங்காய வேரில் 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் ஒரு செல் ஒரு சுற்றை முடிக்க ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். கணக்குக்கு 20 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் குரோமோசோம் கண்ணுக்குத் தெரிகிற கட்டம், அதாவது மைட்டாசிஸ், சுமார் 2 மணி. ஆகவே எந்த நேரத்தில் வெட்டிப் பார்த்தாலும் நூற்றுக்குப் பத்து செல் பகுப்பில் தெரியும். மணிக்கு ஐந்து செல் உள்ளே வருகிறது, ஐந்து வெளியே போகிறது. சுங்கச்சாவடியில் நிற்கும் வண்டிகளை எண்ணுவது போலத்தான் இதுவும். கதவை மூடிவிட்டால் ஒரு வண்டியும் கடக்காது, ஆனால் வரிசை நீளும். வெளியேறும் வழி அடைபட்டு உள்ளே வருவது தொடர்ந்தால் மூன்று மணியில் பத்து என்பது 25-ஐ நெருங்கும். எல்லாச் செல்லும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் உங்கள் இரண்டு மடங்கு ஏற்றத்தை விளக்க இதுவே போதும்.

கதவு எங்கே மூடுகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். பெண்டிமெத்தலின், டிரைஃப்ளுராலின், ஓரிசலின் மூன்றும் டைநைட்ரோஅனிலின் என்ற ஒரே குடும்பம். செல்லுக்குள் நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கோத்து வளர்பவை, வளர்ந்துகொண்டே உதிர்ந்தும் கொண்டிருப்பவை. இந்த மருந்துகள் ஆல்ஃபா டியூபுலினில் ஒட்டிக்கொண்டு, கோப்பதை மட்டும் நிறுத்துகின்றன. உதிர்வது நிற்காததால் சிறிது நேரத்தில் குழல்களே இல்லாமல் போகின்றன. இதற்கு உறுதியான சான்று ஒரு களையிலிருந்தே கிடைத்தது. கேழ்வரகின் காட்டுச் சொந்தமான எலூசின் இண்டிகா என்ற புல், அமெரிக்காவில் தென் கரோலினாவின் பருத்தி நிலங்களில் இந்த மருந்துகளுக்குச் சாகாமல் தப்பியது. அதன் ஆல்ஃபா டியூபுலினில் 239-ஆவது இடத்தில் திரியோனினுக்குப் பதில் ஐசோலூசின் வந்திருந்ததை 1998-இல் கண்டறிந்தார்கள். ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதும் மருந்தின் பிடி தளர்ந்துவிட்டது. இலக்கு எது என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று சொல்ல இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

நுண்குழல் செல்லில் ஒரே வேலைக்கு மட்டும் இருப்பதல்ல. கதிர்க்கோலாக நின்று குரோமோசோம்களை இரு முனைக்கும் இழுப்பது ஒன்று. பகுப்பு முடியும்போது நடுவே செல் தட்டு அமைய வழிகாட்டுவது இன்னொன்று. செல் சுவரை ஒட்டி உள்பக்கமாக வளையம் வளையமாக ஓடி, செல்லுலோஸ் இழைகள் எந்தத் திசையில் படிய வேண்டும் என்று முடிவு செய்வது மூன்றாவது. பீப்பாய்க்குப் பூட்டிய இரும்புப் பட்டை போல அந்த வளையங்கள்தான் செல்லைப் பக்கவாட்டில் பருக்க விடாமல் நீளவாக்கில் மட்டும் வளர வைக்கின்றன. பட்டை போனால் செல் எல்லாப் பக்கமும் உருண்டு பருக்கும். உங்கள் வேர் வீங்கியது இந்த மூன்றாவது வேலை கெட்டதால். செல்கள் அதிகம் பகுந்ததால் வந்த வீக்கம் அல்ல அது. வீங்கிய நுனியை நீளவாக்கில் சீவிப் பார்த்தால் செல்கள் எண்ணிக்கையில் கூடியிருக்காது, ஒவ்வொன்றும் உருண்டு பெருத்திருக்கும்.

நான்கு மணி நேர வேரைத் திரும்ப நுண்ணோக்கியில் வையுங்கள். 40 மடங்கு வில்லையில் பார்த்தாலே தெரியும். மெட்டாபேஸ், அதாவது குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசைகட்டும் கட்டம், என்று எண்ணியவற்றில் பலவற்றில் அவை நடுவரிசையில் நிற்காது. குட்டையாக, தடித்து, செல் முழுக்கச் சிதறிக் கிடக்கும், அல்லது ஒரு மூலையில் உருண்டையாகக் கூடியிருக்கும். சிலவற்றில் ஒரு குரோமோசோமின் இரு நகல்களான குரோமாடிடுகள் சென்ட்ரோமியர் என்ற இணைப்புப் புள்ளியில் மட்டும் ஒட்டி, பெருக்கல் குறி போல விரிந்திருக்கும். நன்றாக நசுங்கிய செல்லில் வெங்காயத்தின் 16 குரோமோசோம்களையும் எண்ணிவிடலாம். இதற்கு சி-மைட்டாசிஸ் என்று பெயர். 1938-இல் ஆல்பர்ட் லெவான் வெங்காய வேரில் கால்ச்சிசின் என்ற தாவர நஞ்சை வைத்துப் பார்த்து விவரித்த அதே தோற்றம். அங்கிருந்து செல் முன்னேவும் போக முடியாது, அப்படியே நிற்கவும் முடியாது. சில மணி நேரம் கழித்து, குரோமோசோம்கள் இரு பக்கமும் பிரியும் அனாபேஸ் நடக்காமலே, சிதறிய குரோமோசோம்களைச் சுற்றி உட்கரு உறை மீண்டும் உருவாகிவிடும். செல் ஒன்றுதான், குரோமோசோம் 32. உட்கரு மழமழவென்று உருண்டையாக இல்லாமல், பல கதுப்புகளாகப் பிதுங்கியோ சிறு துண்டுகளாகச் சிதறியோ தெரியும். இப்படிப் பின்வாசல் வழியே வெளியேறிய செல்களை நீங்கள் 24 மணி நேர வேரில் "பகுப்பில் இல்லை" என்று எண்ணியிருக்கிறீர்கள். புதிதாக உள்ளே வரும் செல்களும் அதற்குள் குறைந்துவிட்டன. அதனால்தான் இறக்கம்.

ஆகையால் பகுப்பில் தெரியும் செல்களின் விகிதமான மொத்த மைட்டாடிக் இன்டெக்ஸை மட்டும் போடாமல், புரோபேஸ், மெட்டாபேஸ், அனாபேஸ், டீலோபேஸ் என்ற நான்கு கட்டங்களையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். அதிலும் அனாபேஸ், டீலோபேஸ் இரண்டையும் சேர்த்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கதிர்க்கோல் கெட்டிருந்தால் மொத்தம் ஏறினாலும் இறங்கினாலும் இந்த எண் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். உங்கள் குறிப்பேட்டில் அந்தப் பிரிவு இருந்தால் இன்றே கூட்டிப் பாருங்கள், விடை அதில் இருக்கும். 1, 2, 4, 8, 12, 24 மணி என்று அடுத்தடுத்து எடுத்தால் ஏறி இறங்கும் வளைவு முழுதாகக் கிடைக்கும். ஒரே ஒரு நேரத்தில் எடுத்துவிட்டு "தூண்டியது" என்றோ "அடக்கியது" என்றோ முடிவு எழுதியிருக்கும் மாணவர் அறிக்கைகள் ஏராளம். இரண்டு பேர் ஒரே மருந்தில் நேர் எதிரான முடிவுக்கு வருவது பெரும்பாலும் இதனால்தான்.

எல்லாக் களைக்கொல்லியும் இந்த வழியில் தடுப்பதில்லை. வேர் வளர்ச்சி நின்றது என்ற ஒரே தோற்றத்துக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கின்றன. நெல்லுக்கு அடிக்கும் பென்சல்ஃபுரான், பைராசோசல்ஃபுரான் போன்ற சல்ஃபோனைல்யூரியாக்களும், நிலக்கடலைக்கு அடிக்கும் இமாசெதபைரும் வாலின், லூசின், ஐசோலூசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் உருவாகும் பாதையின் தொடக்க நொதியை நிறுத்துகின்றன. இவற்றில் வேரின் செல் பகுப்பு ஓரிரு மணியிலேயே சரியும், ஆனால் சரிவது வேறு மாதிரி. செல்கள் மைட்டாசிஸுக்குள் நுழையும் முன்பே நின்றுவிடுகின்றன. நான்கு கட்டங்களும் சேர்ந்தே குறையும், குரோமோசோம் கோளாறு எதுவும் தெரியாது, நுனியும் வீங்காது. பட்டாணி வேரில் குளோர்சல்ஃபுரானை வைத்து 1980-களில் செய்த ஆய்வுகளில், வாலினும் ஐசோலூசினும் சேர்த்து ஊட்டியதும் வளர்ச்சி திரும்பியது. மருந்து குரோமோசோமைத் தொடவில்லை, செல்லைப் பட்டினி போட்டது என்பதற்கு அது நேரடிச் சான்று. புரோஃபாம், குளோர்புரோஃபாம் என்ற கார்பமேட்டுகளில் நுண்குழல் இருக்கும், ஆனால் ஒழுங்கு கெட்டுப் பல முனைகளை நோக்கிப் போகும். அனாபேஸில் குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் போகாமல் மூன்று நான்கு திசையில் பிரிந்து நிற்பதைக் காணலாம். பியூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் போன்றவை மிக நீண்ட கொழுப்பு அமிலங்கள் உருவாவதை நிறுத்துகின்றன. அங்கே பகுப்பும் நீட்சியும் இரண்டும் படிப்படியாக அடங்கும். 2,4-டி ஆக்சின் என்ற தாவர வளர்ச்சி ஹார்மோனைப் போலச் செயல்படுவதால் அளவுக்கு ஏற்ப முகம் மாறும். திசு வளர்ப்பில் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் அளவு பகுப்பைத் தூண்டிக் காலஸ் என்ற உருவமற்ற செல் திரளை உண்டாக்குகிறது, முழு வேரில் அதே அளவு நீட்சியை நிறுத்தி, தடிக்க வைத்து, பக்கவேர் முண்டுகளைக் கொத்தாகக் கிளப்புகிறது. ஆகவே வீக்கத்தை மட்டும் பார்த்துக் கதிர்க்கோல் கெட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஐசாக்சபென் போல செல்லுலோஸ் உருவாவதைத் தடுக்கும் மருந்திலும் வேர்நுனி இதே போல வீங்கும், ஆனால் உள்ளே குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரிந்துகொண்டிருக்கும்.

இப்போது நீங்கள் வைத்த அளவைப் பார்ப்போம். "லிட்டருக்கு 6.5 மில்லி, தோட்டத்தில் அடிக்கும் அளவு" என்று எழுதியிருக்கிறீர்கள். பரிசோதனையில் திருத்தியே ஆக வேண்டிய இடம் இதுதான். பெண்டிமெத்தலின் 30 இ.சி. (நீரில் குழம்பாகக் கலக்கும் கடைச் சரக்கு) லிட்டருக்கு 300 கிராம் செயல் பொருள் கொண்டது. எக்டருக்கு ஒரு கிலோ செயல் பொருள், அதாவது சுமார் 3.3 லிட்டர் மருந்து, 500 லிட்டர் நீரில் கலந்து அடிக்கிறார்கள். டேங்கில் இருக்கும்போது அது லிட்டருக்கு 2,000 மில்லிகிராம். ஆனால் அந்த ஒரு கிலோ மருந்து மேல்மண்ணில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சீராகக் கலந்தால் சுமார் 14 லட்சம் கிலோ மண்ணில் பரவும். அப்போது கிலோ மண்ணுக்கு 0.7 மில்லிகிராம்தான். உண்மையில் அது அப்படிக் கலப்பதும் இல்லை. மண்ணின் மட்கிலும் களிமண்ணிலும் இறுகப் பிடித்துக்கொண்டு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டரிலேயே பெரும்பகுதி தங்கிவிடும். வேரைச் சுற்றியுள்ள மண்நீரில் கரைந்திருப்பது இன்னும் சொற்பம். தோட்டத்து அளவு என்ற பெயரில் வேரை டேங்குத் தண்ணீரில் முக்கினால், மண்ணில் எந்த வேரும் சந்திக்காத அளவை வைத்ததாக ஆகும்.

இன்னொரு தடையும் உண்டு. பெண்டிமெத்தலின் தூய நீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் அளவுதான் கரையும். அதற்கு மேல் போடுவதெல்லாம் பால் போல வெளுத்த குழம்பாக மிதக்கிறது, கரைசல் ஆவதில்லை. அந்தக் குழம்பில் கரைப்பானும் குழம்பாக்கியும் சேர்ந்தே இருக்கின்றன. அவையே செல் சவ்வைக் கெடுக்கக் கூடியவை. ஆகவே கடையில் வாங்கிய மருந்தை அதிக அளவில் வைத்துச் செய்த சோதனையில், எது பெண்டிமெத்தலின் செய்தது, எது கரைப்பான் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிளைஃபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லி பற்றிய வெங்காய வேர் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கும் இது ஒரு பெரிய காரணம் என்பது என் மதிப்பீடு. தூய பொருளை வைத்தவர்கள் ஒன்றைக் காண்கிறார்கள், கடைச் சரக்கை வைத்தவர்கள் வேறொன்றைக் காண்கிறார்கள். தூய பொருள் கிடைத்தால் அசிட்டோனில் கரைத்து, இறுதி நீரில் அசிட்டோன் 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, அதே அளவு அசிட்டோன் மட்டும் சேர்த்த நீரையும் ஒரு ஒப்பீடாக வையுங்கள். கிடைக்காவிட்டால் கடைச் சரக்கையே வையுங்கள், ஆனால் அறிக்கையில் "பெண்டிமெத்தலின்" என்று எழுதாமல் "பெண்டிமெத்தலின் 30 இ.சி. கலவை" என்று எழுதுங்கள். ஒரு மில்லி மருந்தை மொத்தம் 300 மில்லியாக நீரில் கலக்கினால் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம். அதிலிருந்து நன்றாகக் குலுக்கி ஒரு மில்லி எடுத்து ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். அதை மேலும் நீர்த்து 0.01, 0.1, 1 என்று பத்து மடங்கு இடைவெளியில் முதலில் ஐந்து நாள் வேர் நீளத்தை மட்டும் அளங்கள். நீளம் பாதியாகக் குறையும் அளவு தெரிந்த பிறகு அதைச் சுற்றி நான்கைந்து அளவுகளைத் தேர்ந்தெடுத்துச் செல்லை எண்ணுங்கள். கண்ணாடிக் குவளையிலேயே வையுங்கள். இந்த மருந்து பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் போட்ட அளவு நீரில் இருக்காது. தினமும் புதுக் கரைசல் மாற்ற வேண்டும், வெளிச்சம் படாமல் மூடி வைக்க வேண்டும்.

வெங்காயத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. முளைக்காமல் இருப்பதற்காக மாலிக் ஹைட்ரசைடு அடித்த வெங்காயம் ஒப்பீட்டு நீரிலேயே சரியாக வேர்விடாது. அந்த மருந்தே செல் பகுப்பை நிறுத்துவதுதான். தெரிந்த தோட்டத்துச் சரக்காக, ஒரே அளவில், இன்னும் பச்சை முளை காட்டாத பற்களாக எடுங்கள். காய்ந்த தோலையும் அடியில் வட்டமாக இருக்கும் பழைய வேர்க்கற்றையையும் பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். சுற்றியுள்ள வேர் முண்டுகளில் பிளேடு படக்கூடாது. குழாய் நீரானால் ஒரு இரவு திறந்து வைத்துக் குளோரின் போன பிறகு பயன்படுத்துங்கள். செப்புப் பாத்திரத்து நீர் வேண்டவே வேண்டாம், வெங்காய வேர் செம்புக்கு மிகக் கூச்சப்படும். முதலில் வெறும் நீரில் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வேர் விட்ட பிறகே மருந்து நீருக்கு மாற்றுங்கள். அறை வெப்பம் 32, 33 டிகிரி இருக்கும் சித்திரை வைகாசியில் இந்தச் சோதனை ஒழுங்காக வராது. ஒப்பீட்டு வேரிலேயே பகுப்பு குறைந்து, மருந்தின் விளைவு மங்கிவிடும். 25 டிகிரிக்குள் வைக்க வழியில்லை என்றால் மார்கழி வரை காத்திருப்பது நல்லது.

வேரை எடுத்ததும் எத்தில் ஆல்கஹால் மூன்று பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு என்று அப்போதே கலந்த திரவத்தில் 24 மணி நேரம் போடுங்கள். போன வாரம் கலந்து வைத்தது உதவாது. இரண்டும் வினைபுரிந்து எஸ்டராகிவிடும், குரோமோசோம் தெளிவு போய்விடும். பிறகு 70 சத ஆல்கஹாலில் குளிர்பெட்டியில் வைக்கலாம். நசுக்கும் முன் 60 டிகிரியில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்தாறு நிமிடம். குறைந்தால் செல்கள் கட்டியாக நிற்கும், கூடினால் வேர் கூழாகும், சாயமும் ஏறாது. கழுவி, அசிட்டோகார்மின் சாயத்தில் அரைமணி வைத்து, 45 சத அசிட்டிக் அமிலத் துளியில் நுனியை வெட்டி வைத்து, மூடுவில்லையின் மேல் பென்சில் முனையால் தட்டி, உறிஞ்சுதாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் குரோமோசோம்கள் இழுபட்டு, இல்லாத ஒட்டலும், பிரியும் குரோமோசோம்களுக்கு நடுவே இல்லாத பாலமும் தெரியும்.

வெட்டும் நீளத்தில் ஒரு பொறி இருக்கிறது. வெறும் நீர் வேரில் நுனியிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வெட்டினால் பெரும்பாலும் ஆக்குத்திசுதான் வரும். வீங்கிய வேரில் ஆக்குத்திசு சுருங்கி, பருத்த முதிர்ந்த செல்கள் நுனிக்கே நெருங்கி வந்திருக்கும். அதே இரண்டு மில்லிமீட்டரில் பகுக்காத செல்கள் அதிகம் கலந்து, இன்டெக்ஸ் உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்தது போலக் காட்டும். சிறிய, சதுரமான, சைட்டோபிளாசம் அடர்ந்த செல்களை மட்டும் எண்ணுவது என்று முன்கூட்டியே ஒரு விதி வைத்துக்கொண்டு எல்லா ஸ்லைடிலும் அதையே கடைப்பிடியுங்கள். ஸ்லைடுகளுக்கு வேறொருவர் குறியெண் போட்டு, எது எந்த மருந்து என்று தெரியாமல் எண்ணுங்கள். தெரிந்து எண்ணும் கண் தனக்கு வேண்டியதையே காணும். ஓர் அளவுக்கு ஐந்து வெங்காயமாவது வேண்டும், வெங்காயத்துக்கு ஆயிரம் செல். ஐயாயிரம் செல் எண்ணியதால் ஐயாயிரம் சான்று ஆகிவிடாது. ஒரே வெங்காயத்தின் செல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை, சான்றின் எண்ணிக்கை ஐந்துதான். எல்லாவற்றையும் கூட்டிக் கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை போட்டால் எந்தச் சிறு வித்தியாசமும் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரியும்.

குரோமோசோம் கோளாறுகளை ஒரே தொகையாகக் கூட்டுவதையும் விட்டுவிடுங்கள். சி-மைட்டாசிஸ், பின்தங்கிய குரோமோசோம், பலமுனை அனாபேஸ் ஆகியவை கதிர்க்கோல் கெட்டதன் அடையாளம். பாலமும் துண்டும் குரோமோசோமே உடைந்ததன் அடையாளம். முதல் வகை மட்டும் இருந்து இரண்டாவது ஒப்பீட்டு நீரின் அளவிலேயே இருந்தால், மருந்து டி.என்.ஏ.வைத் தாக்கியது என்று எழுத உங்களுக்கு ஆதாரமில்லை. நுண்ணுட்கரு, அதாவது உட்கருவுக்கு வெளியே தனித்து நிற்கும் சிறு உட்கரு, இந்த இரண்டு வகையிலும் வரும். அது தெரிய செல் ஒரு பகுப்பைக் கடந்திருக்க வேண்டும் என்பதால், மருந்திலிருந்து எடுத்து 24 மணி நேரம் வெறும் நீரில் வைத்த வேரில்தான் அதைத் தேட வேண்டும். "ஒட்டிய குரோமோசோம்" என்று பலர் பட்டியலில் சேர்ப்பதை நான் நம்புவதில்லை. அமிலத்தில் அதிக நேரம் வைத்தாலும், சரியாக நசுக்காவிட்டாலும் அதே தோற்றம் வரும்.

வெறும் நீருக்கு மாற்றும் அந்தச் சோதனையை 48 மணி வரை நீட்டினால் இன்னொரு உண்மையும் தெரியும். அனாபேஸ் திரும்பி வந்தால் தடை மீளக்கூடியது. வேர் ஆக்குத்திசுவின் நடுவே மிக மெதுவாகவே பகுக்கும் அமைதி மையம் என்று ஒரு சிறு செல் கூட்டம் இருக்கிறது. பகுப்பில் இருக்கும் செல்லைத்தான் கதிர்க்கோல் தடை பிடிக்கும் என்பதால், இந்த மெதுவான செல்கள் பலநேரம் தப்பி, பிறகு புதிய நுனியைக் கட்டுகின்றன. மருந்து கூடுதலாகவோ நீண்ட நேரமோ இருந்திருந்தால் அதுவும் நடக்காது. பழைய நுனி பழுப்பேறி நின்றுவிட, மேலே பக்கவேர்கள் கிளம்பும்.

தோட்டத்தில் உங்கள் வெங்காயம் தப்புவதும் இதோடு சேர்ந்ததுதான். களை விதை மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் முளைக்கிறது, அதன் முதல் வேரும் முளைக்குருத்தும் மருந்துப் படலத்துக்குள்ளேயே பகுக்க வேண்டியிருக்கிறது. ஊன்றிய வெங்காயப் பல் அதற்குக் கீழே வேர்விடுகிறது, கைவசம் சேமிப்பு உணவும் வைத்திருக்கிறது. வெங்காயம் இந்த மருந்தைப் புல் களைகளைவிட அதிகம் தாங்கும் என்பதும் உண்மை. மணல் பாங்கான, மட்கு குறைந்த நிலத்தில் அடித்த மறுநாளே பெருமழை பெய்தாலும், பல்லை மேலாக ஊன்றியிருந்தாலும், ஒரே பாத்தியில் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் இந்த இடைவெளி போய்விடும். பத்து லிட்டர் டேங்குக்கு 65 மில்லி என்பது ஏக்கருக்கு 200 லிட்டர் நீர் அடித்தால் மட்டுமே சரி. பாதி நீரிலேயே ஏக்கரை முடிப்பவர் அதே 65-ஐப் போட்டால் மருந்து பாதிதான் விழும், நடை தளர்ந்து ஒரே இடத்தில் நின்று அடிப்பவருக்கு இரட்டிப்பாக விழும். வளர்ச்சி குன்றிய செடி இருந்தால் பிடுங்காமல் கொத்தால் தோண்டி, கழுவிப் பாருங்கள். மேல்பகுதி வேர்கள் குட்டையாக, நுனி தடித்து இருந்து, கீழே வெள்ளையாக மெல்லிய வேர்கள் ஓடினால் செடி மீண்டு வரும். எல்லா வேர்நுனியும் தடித்திருந்தால்தான் கவலை. நுனி தடிக்காமல் பழுப்பேறி அழுகியிருந்தால் மருந்தைக் குற்றம் சொல்லாமல் பூஞ்சையைத் தேடுங்கள்.

உடம்பைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நம் செல்லிலும் கதிர்க்கோல் இருக்கிறது, அதுவும் டியூபுலின்தான். ஆனால் இந்த மருந்து பொருந்தும் இடம் தாவரங்களிலும் மலேரியாக் கிருமி போன்ற சில ஒருசெல் உயிரிகளிலும் இருப்பது போல விலங்குச் செல்லில் அமையவில்லை. இதைத் தலைகீழாகக் காட்டுவது கால்ச்சிசின். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பியில் ஏற்றி வளர்க்கும் கண்வலிக்கிழங்கு, நம் செங்காந்தள்தான், அதன் விதையிலும் கிழங்கிலும் இருப்பது. அது வெங்காய வேரில் வேலை செய்ய லிட்டருக்கு அரை கிராம் போட வேண்டும், மனிதனுக்கோ சில மில்லிகிராமே பேராபத்து. டைநைட்ரோஅனிலின்கள் இதற்கு நேர் எதிர். ஆகவே வேரில் கண்ட சி-மைட்டாசிஸை அப்படியே மனித உடம்புக்கு நீட்டக் கூடாது, இது உறுதியாகச் சொல்லக்கூடியது. அதனால் மருந்து தீங்கற்றது என்றும் ஆகிவிடாது. எலிகளுக்குத் தைராய்டில் கட்டிகள் வந்ததை வைத்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பெண்டிமெத்தலினை "புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளது" என்ற வகையில் வைத்தது. அது கதிர்க்கோலோடு தொடர்புடையதாகக் கருதப்படவில்லை. மனிதரில் அதன் பொருள் என்ன என்பது இன்னும் விவாதத்துக்கு உரியது. வெங்காய வேர்ச் சோதனை அந்த விவாதத்தைத் தீர்க்கும் கருவி அல்ல. ஒரு பொருள் செல் பகுப்பைத் தொடுகிறதா, எந்தக் கட்டத்தில் என்பதை மலிவாகவும் வேகமாகவும் காட்டுவதுதான் அதன் வேலை, அதில் அது மிகச் சிறந்தது. உண்மையில் அதிக மருந்து படுவது அடிப்பவர் கையிலும் முதுகிலும்தான், தட்டில் வரும் வெங்காயத்தில் அல்ல. வீட்டில் யார் டேங்க் சுமக்கிறாரோ அவருக்குக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வாங்கிக் கொடுங்கள், மூடியைத் திறந்து ஊற்றும்போதுதான் செறிவு அதிகம் என்று சொல்லுங்கள்.

சோதனை முடிந்த கரைசலைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்ற வேண்டாம், மீன்களுக்கு இது மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. மூடிய கண்ணாடிப் புட்டியில் சேர்த்து வைத்து ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். சோதனைக்கு வைத்த பற்களை நறுக்கி அதோடு போடுங்கள், சமையலறைக் கூடைக்குத் திரும்பிப் போகக் கூடாது. கால்ச்சிசினை ஒப்பீட்டுக்கு வைக்கும் எண்ணம் இருந்தால் ஆசிரியர் உடன் இருக்கும்போது மட்டும் எடையிடுங்கள். உங்களுக்கு அது அவசியமும் இல்லை. 1, 2, 4, 8, 12, 24 மணி ஸ்லைடுகளில் அனாபேஸ், டீலோபேஸ் எண்ணிக்கையை மட்டும் தனியே போட்டு அனுப்புங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.